கோடு எங்க தடிக்கணும், எங்க மெலியணும்: பென் டிராயிங்ல ஆழம் கொண்டுவர முழு வழிகாட்டி

ஒரு டபரா செட்டை எடுத்து மேசை மேல வைங்க, காபி இருந்தாலும் சரி காலியா இருந்தாலும் சரி. கைக்குக் கிடைக்கிற ஒரு ஜெல் பென்னால அதைப் பார்த்து வரைங்க. டம்ளர் வாய்க்கு ஒரு நீள்வட்டம், பக்கத்துக்கு ரெண்டு கோடு, டபராவுக்கு ஒரு பெரிய நீள்வட்டம், அடியில ஒரு வளைவு. அளவெல்லாம் சரியாத்தான் வந்திருக்கும், ஆனா கொஞ்சம் தள்ளி வச்சுப் பார்த்தா கம்பியை வளைச்சு செஞ்ச மாதிரி இருக்கும். டம்ளர் டபராவுக்குள்ள உக்காந்திருக்கா, அதுக்குப் பின்னாடி நிக்குதா, மொத்தமும் மேசை மேல இருக்கா இல்ல அந்தரத்துல தொங்குதா, எதுவும் தெரியாது. காரணம் ஒண்ணுதான், எல்லாக் கோடும் ஒரே தடிமன்.

இதே படத்துல ஷேடிங் ஒரு துளிகூட போடாம நாலஞ்சு இடத்துல மட்டும் கோட்டைத் தடியாக்கிப் பாருங்க, டம்ளர் போய் டபராவுக்குள்ள உக்காந்துக்கும். இதைத்தான் லைன் வெயிட்னு சொல்றாங்க. இதை எப்படிப் படிப்படியா பழகுறதுன்னு எனக்குத் தெரிஞ்ச மொத்தத்தையும் இங்க எழுதுறேன்.

நான் வரைய ஆரம்பிச்சு முதல் மூணு வருஷம் எங்கிட்ட இருந்தது ஒரே ஒரு 0.5 ஜெல் பென். ஊர்ல தேர் நிலையில நிக்கிறதை ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க உக்காந்து வரைஞ்சேன், சக்கரம், வடச்சங்கிலி, மரச்சிற்பம் எதையும் விடல, ஆனா எது சக்கரம் எது அதுக்குப் பின்னாடி இருக்கிற சட்டம்னு கண்ணுக்குப் பிரியவே இல்ல. பக்கத்துல சுவர் விளம்பரம் எழுதுற ஒரு பெரியவர் ரொம்ப நேரமா பார்த்துட்டிருந்தாரு, பென்னை வாங்கி சக்கரத்தோட அடிப்பக்கத்தை மட்டும் நாலு தடவை அழுத்தி இழுத்தாரு. தேர் தரையில நின்னுடுச்சு. "பாரம் எங்க இறங்குதோ அங்க கையும் இறங்கணும் தம்பி"ன்னாரு. அன்னைக்கு மாறினதுதான் என் படம்.

முதல்ல ஒரு விஷயம் புரியணும்

நிஜத்துல டம்ளரைச் சுத்தி கோடே கிடையாது. ஒரு பொருள் முடிஞ்சு இன்னொண்ணு ஆரம்பிக்கிற இடத்தைத்தான் நாம கோடா போடுறோம். அப்ப ஒவ்வொரு கோட்டுக்கும் ரெண்டு பக்கம் இருக்கு, இந்தப் பக்கம் ஒரு பரப்பு, அந்தப் பக்கம் ஒரு பரப்பு. அந்த ரெண்டு பரப்புக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு கேளுங்க. தூரம் அதிகமா இருந்தா கோடு தடி, கம்மியா இருந்தா மெலிசு. ஒருத்தரோட தோளுக்கும் அவருக்குப் பின்னாடி பத்தடி தள்ளி இருக்கிற சுவருக்கும் நடுவுல ஓடுற கோடு தடியா வரும், அதே ஆளோட சட்டையில விழுந்த மடிப்பு மெலிசா வரும், ஏன்னா மடிப்புக்கு இந்தப் பக்கமும் சட்டை அந்தப் பக்கமும் சட்டை. ஒவ்வொரு கோடு போடும்போதும் இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே பாதி வேலை முடிஞ்சுது. மத்த விதியெல்லாம் இதுக்கு மேல வர்றதுதான்.

தடிமன் மட்டுமே எவ்வளவு தூரம் போகும்னு சந்தேகமா இருந்தா, க்ளோட் மெல்லான்னு ஒரு பிரெஞ்சுக்காரர் 1649ல செதுக்கின இயேசுவோட முகத்தைத் தேடிப் பாருங்க. செம்புத் தகட்டுல செதுக்கி அச்செடுத்த படம் அது. மூக்கு நுனியில ஆரம்பிச்சு சுருள் சுருளா வெளிய போற ஒரே ஒரு கோடு, குறுக்கால வேற கோடே இல்ல. அந்தக் கோடு தடிச்ச இடம் நிழல், மெலிஞ்ச இடம் வெளிச்சம். கண்ணு, தாடி, முள்முடி எல்லாம் அதுலயே வந்துடுது. செதுக்குற உளியை ஆழமா அழுத்தினா பள்ளம் அகலமாகும், அகலமான பள்ளத்துல மை நிறைய நிக்கும், தாள்ல கோடு தடியா விழும். முழு ரகசியமும் கை அழுத்தம்தான்.

நம்ம பழைய வாரப் பத்திரிகை ஓவியங்களும் இந்தப் பாடத்துக்கு நல்ல இடம். அந்தக் காலத்துல லைன் பிளாக், அதாவது கோட்டுப் படத்தை உலோகத் தகட்டுல எடுத்த அச்சு, அதை வச்சுத்தான் படத்தை அச்சடிப்பாங்க, அதுல கருப்பு உண்டு வெள்ளை உண்டு, நடுவுல சாம்பல் நிறம் வரவே வராது. அதனால முன்னாடி பின்னாடி எல்லாத்தையும் கோட்டாலயே சொல்லியாகணும். பழைய இதழ் கைக்கு வந்தா கதையைப் படிச்சுட்டு மூடிடாதீங்க, புடவைத் தலைப்பு தோள்ல இருந்து கீழ விழுற இடத்துல கோடு எப்படித் தடிச்சு எப்படி மெலிஞ்சு ஓடுதுன்னு விரலை வச்சுப் பாருங்க.

படி 1: பென் வாங்குறப்ப

நிறைய பேர் ஆறு பென் இருக்கிற செட்டை வாங்கிடுறாங்க, தேவையே இல்ல. பிக்மா மைக்ரான்னு நுனி மெலிசான ஒரு டிராயிங் பென் இருக்கு, அதுல போட்டிருக்கிற நம்பர் மில்லிமீட்டர் கிடையாது, இதைக் கவனிங்க. 005ன்னு இருக்கிறது 0.20 மில்லிமீட்டர், 01 வந்து 0.25, 03 வந்து 0.35, 05 வந்து 0.45, 08 வந்து 0.50. அதாவது 05க்கும் 08க்கும் வித்தியாசம் வெறும் 0.05 மில்லிமீட்டர், பக்கத்துல பக்கத்துல போட்டாலும் கண்ணுக்குத் தெரியாது. 005 ஒண்ணு, 03 ஒண்ணு, 08 ஒண்ணு, இதுபோக தூரிகை மாதிரி வளையுற முனை இருக்கிற ஒரு பிரஷ் பென், போதும்.

சிவில், ஆர்க்கிடெக்சர் படிச்சவங்களுக்கு டிராஃப்டிங் பென் வரிசை ஞாபகம் இருக்கும், 0.25, 0.35, 0.5, 0.7ன்னு போகும். ஒவ்வொண்ணும் முந்தினதைவிட சுமார் 1.4 மடங்கு. ஏ4 தாளை ஏ3ஆ பெருசாக்கினா பக்கங்களும் அதே 1.4 மடங்குதான் பெருசாகும், அப்ப 0.35 கோடு 0.5 ஆயிடும், மேல திருத்தம் போட வேண்டியிருந்தா 0.5 பென்னை எடுத்தா ஒட்டிப்போகும். கட்டட டிராயிங்குக்கு அது சரி. நாம கையால வரையுற படத்துக்கு இன்னும் பெரிய தாவல் வேணும், ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு இருந்தாத்தான் பார்க்கிறவங்களுக்கு அது வேணும்னே போட்டதுன்னு தெரியும். அதுக்கும் கம்மியா இருந்தா கை நடுங்கினதா நினைச்சுக்குவாங்க. 03க்கும் 08க்கும் நடுவுல அவ்வளவு தாவல் கிடையாது, அதனால 08 கோட்டை ஒட்டி இன்னொரு கோடு போட்டுத் தடியாக்கிக்கோங்க.

காசு செலவு பண்ண முடியலைன்னா பென்சிலே போதும், ஒரு எச்பி, ஒரு 4பி. தாள் மட்டும் கவனம், சாதாரண நோட்டுத் தாள்ல மை பரவிடும், மெலிசான கோடே வராது. 100 ஜிஎஸ்எம் (தாளோட கனத்தைச் சொல்ற அளவு) தாளாவது எடுங்க, வழவழப்பா இருந்தா இன்னும் நல்லது.

படி 2: கையைப் பழக்குறது

இதைத் தாண்டிக் குதிக்காதீங்க, தினமும் பத்து நிமிஷம் போதும். பிரஷ் பென்னால இல்லைன்னா 4பி பென்சிலால ஒரு விரல் நீளத்துக்குக் கோடு இழுங்க, தொடும்போது மெலிசா, நடுவுல அழுத்தி, முடியும்போது தூக்கி. வெண்டைக்காய் மாதிரி வரணும், ரெண்டு முனையும் கூர்மையா. அப்புறம் ஒரு பக்கம் மட்டும் தடி, மிளகாய் மாதிரி. அதே மிளகாயைத் திருப்பி, மெலிசுல ஆரம்பிச்சு தடியில முடிங்க, இது கஷ்டம், கடைசியில கை நிக்காம வழுக்கும். அப்புறம் இதே மூணையும் வளைவுல போடுங்க.

சின்னக் கோட்டுக்கு மணிக்கட்டு, நீளக் கோட்டுக்கு முழங்கை, தாள் அகலத்துக்கு ஓடுற கோட்டுக்குத் தோள்பட்டை. மணிக்கட்டை மட்டும் வச்சு நீளக்கோடு இழுத்தா அது தானா வளையும், அதைச் சரிபண்ணப்போய் மேல மேல கிறுக்குவோம், அந்தக் கிறுக்கல்ல தடிமன் அங்கங்க நாம கேக்காமலே வந்துடும். முடி முடியா நிக்கிற கோட்டுல லைன் வெயிட் பத்திப் பேசவே முடியாது. ஒரே இழுப்புல வரட்டும், தப்பா வந்தாலும் பரவாயில்ல.

வேகமும் ஒரு கருவிதான். கோலம் போடுறவங்களைக் கவனிச்சிருக்கீங்களா, கை சர்ருனு போற இடத்துல மாவு மெலிசா விழும், புள்ளியைச் சுத்தி வளைக்கிற இடத்துல கை மெதுவாகும், மாவும் கொஞ்சம் கூடுதலா விழும். பிரஷ் பென்னும் அதே மாதிரிதான் நடந்துக்கும், வேகமா போனா மெலிசு, தயங்கினா தடி. அதனால எங்க தயங்கப்போறீங்கன்னு முன்னாடியே முடிவு பண்ணிக்கோங்க.

படி 3: மை போடுறதுக்கு முன்னாடி முடிவு பண்றது

பென்சில்ல படம் முடிஞ்சதும் நேரா பென்னை எடுக்காதீங்க. அந்தப் பென்சில் படத்தை அஞ்சு செராக்ஸ் எடுத்துட்டு வாங்க, கொஞ்சம் அழுத்தமா எடுக்கச் சொல்லணும் இல்லைன்னா பென்சில் விழாது. எனக்குத் தெரிஞ்சு லைன் வெயிட் கத்துக்க இதைவிட வேகமான வழி இல்ல. ஒரே படம், அஞ்சு தடவை, ஒவ்வொண்ணுலயும் ஒரே ஒரு விதியை மட்டும் வச்சு மை போடுங்க. ஒண்ணுல வெளி விளிம்பை மட்டும் தடியாக்குங்க, இன்னொண்ணுல நிழல் பக்கத்தை மட்டும், இன்னொண்ணுல ஒண்ணு மேல ஒண்ணு மறைக்கிற இடத்தை மட்டும், மிச்ச ரெண்டுல பாரம் தரையில இறங்குற இடத்தை மட்டும், நமக்குக் கிட்ட இருக்கிறதை மட்டும். அஞ்சையும் சுவர்ல வரிசையா ஒட்டிட்டு பத்தடி தள்ளி நில்லுங்க. எது நிக்குது எது தட்டையா கிடக்குதுன்னு கண்ணே சொல்லிடும்.

படி 4: டபரா டம்ளர், கோடு கோடா

ஜன்னல் இடது பக்கம் இருக்கு, வெளிச்சம் அங்க இருந்து வருதுன்னு வச்சுக்குவோம்.

முதல்ல 005 எடுத்து எல்லாத்தையும் ஒரே மெலிசுல வரைஞ்சுடுங்க. அவசரப்பட்டுத் தடியா ஆரம்பிக்கக் கூடாது, மெலிசைத் தடியாக்கலாம், தடியை மெலிசாக்க முடியாது. டம்ளரோட இடது பக்கக் கோட்டை முழுசா போடாதீங்க, வெளிச்சம் நேரா விழுற இடத்துல ஒரு அரை இன்ச் விட்டுடுங்க. எவர்சில்வர் டம்ளரை நிஜமாவே உத்துப் பாருங்க, அந்த இடத்துல விளிம்பே தெரியாது, பளபளப்புல கரைஞ்சு போயிருக்கும். பார்க்கிறவங்க கண்ணு அந்த இடைவெளியைத் தானா ஒட்டிக்கும், படத்துக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்.

இப்ப 03. டம்ளரோட வலது பக்கக் கோடு, மேல மெலிசா இறங்கி, டபராவை நெருங்க நெருங்க தடிச்சுட்டே வரட்டும். ஒரே இழுப்புல தடிமன் மாறாத பென் இது, அதனால கீழ்ப்பாதியில முதல் கோட்டை ஒட்டி இன்னொரு கோடு போட்டு ரெண்டுக்கும் நடுவுல நிரப்புங்க, மேல போறப்ப அந்த ரெண்டாவது கோடு முதல் கோட்டோட சேர்ந்து மறைஞ்சு போகணும். சேர்ற இடத்துல படிக்கட்டு மாதிரி திடீர்னு நின்னா அசிங்கமா தெரியும், கண்ணை அங்கயே இழுத்து வச்சுக்கும்.

அடுத்து டபராவோட முன் விளிம்பு. இது டம்ளருக்கு முன்னாடி குறுக்கால போகுது, டம்ளரோட கீழ்ப்பாதியை மறைக்குது. டம்ளரைக் குறுக்கிடுற அந்த ஒரு துண்டு மட்டும் 08ல தடியா வரட்டும், ரெண்டு ஓரத்துக்கும் போகப் போக 03க்கு இறங்கட்டும். டம்ளர் கோடு வந்து இந்த விளிம்புல முட்டுற மூலை இருக்கே, ஆங்கில டி எழுத்தைக் கவுத்து வச்ச மாதிரி இருக்கும், அந்த மூலையில ஒரு சின்ன முக்கோணமா மை நிரப்புங்க, கடுகு அளவு. டம்ளரை டபராவுக்குள்ள இறக்குறதே அந்தக் கடுகுதான். இதையே வேற மாதிரியும் பண்ணலாம், டம்ளர் கோடு விளிம்பைத் தொடுறதுக்கு முன்னாடியே அரை மில்லிமீட்டர் நிறுத்தி வெள்ளையா இடைவெளி விடலாம், முன்னாடி இருக்கிற பொருள் பளிச்சுன்னு பிரியும். ஒரு படத்துல ஏதாவது ஒரு வழியை மட்டும் வச்சுக்கோங்க, ரெண்டையும் கலந்தா குழப்பம்.

கடைசியா டபரா மேசையைத் தொடுற இடம். மொத்தப் படத்துலயும் ரொம்பத் தடியான கோடு இதுதான், பிரஷ் பென்னை எடுங்க. அடி வளைவோட நடுவுல இருந்து வலது பக்கம் வரைக்கும் அழுத்தி இழுத்து, ஓரத்துல மேல ஏற ஏற தூக்கிடுங்க. பாரம் அங்கதான் இறங்குது. பின்னாடி மேசை ஓரம் தெரிஞ்சா அதை 005லயே விட்டுடுங்க, டம்ளர்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே கோடு நின்னுடட்டும்.

படி 5: ரெண்டு விதி முட்டிக்கிட்டா

இதைத்தான் யாரும் சரியா சொல்லித் தர்றதில்ல. வெளிச்சப் பக்கம் மெலிசா இருக்கணும், ஆனா அதே பக்கம் நமக்கு ரொம்பக் கிட்ட இருக்கு, கிட்ட இருக்கிறது தடியா இருக்கணும், அப்ப என்ன பண்றது? நான் ஒரு வரிசை வச்சிருக்கேன். முதல்ல ஒண்ணு இன்னொண்ணை மறைக்கிற இடம், அடுத்து பாரம் தரையில இறங்குற இடம், அதுக்கப்புறம் கிட்ட எட்ட, கடைசியாத்தான் வெளிச்சம். வெளிச்சத்தைக் கடைசியில வைக்கக் காரணம், அதை ஷேடிங்லயும் சொல்லிக்கலாம், மறைப்பைக் கோட்டை விட்டா வேற எதாலயும் அவ்வளவு தெளிவா சொல்ல முடியாது.

டம்ளர் வாயையே எடுத்துக்கோங்க. தூரக் கணக்குப்படி வாயோட பின் விளிம்புதான் தடியா வரணும், ஏன்னா அதுக்குப் பின்னாடி காலி இடம், அப்புறம் மேசை. முன் விளிம்புக்குப் பின்னாடி டம்ளரோட உள்பக்கம்தான் இருக்கு, தூரம் கம்மி. ஆனா பின் விளிம்பைத் தடியா போட்டுப் பாருங்க, அது எகிறி முன்னாடி வந்து வட்டமே தலைகீழா புரண்ட மாதிரி ஆயிடும். முன் விளிம்பு உள்பக்கத்தை மறைக்குது, அதோட நமக்குக் கிட்டயும் இருக்கு, அதனால அதுக்குத்தான் 03, பின் விளிம்புக்கு 005. விதியைவிட கண்ணு சொல்றதுதான் பெருசு.

படி 6: பெரிய காட்சி

ஒரு தெருமுனை டீக்கடைன்னு வைங்க, முன்னாடி சைக்கிள், நடுவுல பெஞ்சுல ரெண்டு பேர், உள்ள பாய்லர், பின்னாடி கரண்ட் கம்பமும் மாடி வீடும். காட்சியை மூணு அடுக்கா பிரிச்சுக்கோங்க. சைக்கிளுக்கு 08ம் பிரஷ் பென்னும், பெஞ்சுக்கும் கடைக்கும் 03, பின்னாடி வீட்டுக்கு 005 மட்டும். ஒவ்வொரு அடுக்குக்குள்ளயும் மேல சொன்ன விதியெல்லாம் ஓடும், ஆனா பின் அடுக்குல இருக்கிற ரொம்பத் தடியான கோடு முன் அடுக்கோட சராசரிக் கோட்டைத் தாண்டக் கூடாது, இதுல கறாரா இருங்க. பின்னாடி வீட்டு ஜன்னல் கம்பியை எல்லாம் எண்ணி வரையணும்னு ஆசை வரும், வரைஞ்சா அது முன்னாடி வந்து நிக்கும், பாதி ஜன்னலை விட்டுடுங்க.

சைக்கிள் சக்கரம் நல்ல பயிற்சி. டயரோட வெளி வட்டம் தடி, தரையைத் தொடுற இடத்துல இன்னும் தடி, ரிம் நடுத்தரம், கம்பி எல்லாம் 005. கம்பியும் டயரும் ஒரே தடிமன்ல இருந்தா அது சக்கரமா தெரியாது, சிலந்தி வலையா தெரியும்.

பார்க்கிறவங்க முதல்ல எங்க பார்க்கணும்னும் கோட்டால சொல்லலாம். டீ ஆத்துறவர் முகம்தான் முக்கியம்னா, அடுக்கு விதியைக் கொஞ்சம் மீறி அவரோட தோளையும் தூக்கின கையையும் ஒரு படி தடியாக்குங்க. ஒரு படத்துல ஒரு இடத்துக்கு மட்டும்தான் இந்தச் சலுகை.

பொருளைப் பொறுத்தும் கோடு மாறும். பாய்லர் கோடு சுத்தமா, தடிமன் மாறாம, வெட்டின மாதிரி இருக்கணும். லுங்கி மடிப்பு வெண்டைக்காய் கோடு, ரெண்டு முனையும் கரையணும். பெஞ்சு மரத்துக்குக் கோடு அங்கங்க விட்டு விட்டு, லேசா சொரசொரப்பா. முகத்துக்குள்ள ரொம்பக் கவனம், மேல் இமை தடி, கீழ் இமை மெலிசு, மூக்குப் பக்கவாட்டுக் கோட்டை முடிஞ்சா விட்டுடுங்க. கன்னத்துல ஒரு தடிக்கோடு விழுந்தா ஆளுக்குப் பத்து வயசு கூடிடும்.

படி 7: டேப்லெட்ல வரையுறவங்களுக்கு

கிரிட்டான்னு ஒரு வரையுற சாஃப்ட்வேர் இருக்கு, இலவசம், அதுலயே எல்லாம் இருக்கு. ஏ4 அளவுக்கு 300 டிபிஐ (ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி) வச்சா கேன்வாஸ் 2480க்கு 3508 பிக்சல் வரும். அதுல 0.5 மில்லிமீட்டர் கோடுன்னா ஏறக்குறைய 6 பிக்சல். நான் 3, 6, 12ன்னு மூணு சைஸ் மட்டும் வச்சுக்குவேன். பிரஷ்ஷோட குறைஞ்சபட்ச சைஸை சைபர்ல வைக்காதீங்க, 25 சதவீதம் கிட்ட வைங்க, இல்லைன்னா கோட்டு முனை எல்லாம் ஊசி மாதிரி போயிடும். கை அழுத்தம் ஒவ்வொருத்தருக்கும் வேற, அதனால செட்டிங்ஸ்ல பிரஷர் கர்வை (எவ்வளவு அழுத்தினா கோடு எவ்வளவு தடிக்கணும்னு சொல்ற வளைகோடு) மாத்தி மாத்திப் பார்த்து, உங்க சாதாரண அழுத்தத்துக்கு நடுத்தரக் கோடு வர்ற மாதிரி அமைச்சுக்கோங்க.

ரொம்ப ஜூம் பண்ணி வரையுறதுதான் பெரிய ஆபத்து. 400 சதவீதத்துல பார்த்தா எல்லாக் கோடும் தடியாத்தான் தெரியும், வெளிய வந்து பார்த்தா வித்தியாசமே இருக்காது. முழுப் படமும் திரையில தெரியுற அளவுலயே தடிமன் வேலையை முடிங்க.

படி 8: முடிஞ்சுதான்னு பார்க்கிறது

கண்ணைப் பாதி மூடிப் பாருங்க, மெலிசுக் கோடு எல்லாம் கரைஞ்சு தடி மட்டும் மிஞ்சும். மிஞ்சினதை வச்சே அது என்ன காட்சின்னு புரிஞ்சா சரி. புரியாம அங்கங்க கருப்புத் திட்டா தெரிஞ்சா, அலங்காரத்துக்காகத் தடிமன் போட்டிருக்கீங்கன்னு அர்த்தம். அடுத்து படத்தைத் தலைகீழா திருப்பிப் பாருங்க, எந்த ஓரம் மட்டும் கனமா இழுக்குதுன்னு உடனே தெரியும்.

நிறைய பேர் பண்ற ஒரு தப்பு, வெளி அவுட்லைன் முழுக்கச் சுத்தி ஒரே தடிக்கோடு போட்டுடுறது. பார்க்க பளிச்சுன்னு இருக்கும், ஆனா வெட்டி ஒட்டின ஸ்டிக்கர் மாதிரி ஆயிடும், பின்னணியோட சேரவே சேராது. ஏற்கெனவே அப்படிப் போட்டாச்சுன்னா வெள்ளை ஜெல் பென்னால வெளிச்சப் பக்கம் ரெண்டு மூணு இடத்துல கோட்டை உடைச்சு விடுங்க, ஓரளவு சரியாகும்.

கடைசியா போன்ல ஒரு போட்டோ எடுத்து, கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்க. 2480 பிக்சல் படம் 1080க்கு இறங்கும்போது 2 பிக்சல் கோடு ஒரு பிக்சலுக்கும் கீழ போய் வெளிறிப்போகும். பின்னாடி வீடு மறைஞ்சா கவலையே வேண்டாம், டபரா விளிம்போ டீ ஆத்துற கையோ மறைஞ்சா மட்டும் திரும்பப் போய் அந்தக் கோட்டை ஒரு படி ஏத்துங்க.